மூன்று மில்லிமீட்டர் சந்தனம்

எங்கள் ஆய்வகத்துக்குள் செருப்போடு நுழைந்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. முதலாளி திருமூர்த்தியே ஆனாலும் வாசலில் கழற்றிவிட்டு, காலைத் துடைத்து, நான் நீட்டும் துணி உறையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். ஒரு முறை டெல்லியிலிருந்து வந்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். "கோயிலுக்குள்ள போறப்பவும் இப்படித்தான் சுளிப்பீங்களா சார்?" என்று கேட்டேன். உடனே கழற்றினார். கோயம்புத்தூர் ரேஸ் வட்டாரத்தில் எனக்குத் 'தூசி வசந்தாமணி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், தெரிந்து கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் காற்றுச் சுரங்கம், முதலாளி வாயில் 'டனல்'. பெயர்தான் சுரங்கம், உண்மையில் தரைக்கு மேலே படுத்திருக்கும் ஒரு பெரிய குழாய். ஒரு முனையில் இரண்டு ஆள் உயர மின்விசிறி, நடுவில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் ரேஸ் காரின் பாதி அளவு மாடல் ஒரு இரும்புத் தண்டில் தொங்கும். அதன் கீழே தரைக்குப் பதிலாக ரப்பர் பட்டை ஓடும். கார் நின்றபடி இருக்கும், காற்றும் சாலையும் ஓடும். காற்று மாடலைப் பின்னால் எவ்வளவு இழுக்கிறது, தரையோடு எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் தண்டுக்குள் இருக்கும் தராசு சொல்லிவிடும். இழுவை குறைந்தால் கார் வேகமாகப் போகும். அழுத்தம் குறைந்தால் மூக்கைத் தூக்கும். ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் குறைக்காமல் இருப்பதுதான் என் பிழைப்பு.

"வெளிய பாலக்காட்டுக் காத்து ஓசியிலயே அடிக்குது, நீ எதுக்குக் கரண்ட்ட செலவு பண்ணிக் காத்து அடிக்கறே?" என்று என் தம்பி நாச்சிமுத்து கேட்பான். வெளிக்காற்று அதன் இஷ்டத்துக்கு அடிக்கும், என் காற்று நான் சொன்னபடி அடிக்கும் என்பேன். அந்த மாடலைப் பார்த்துச் செய்யும் நிஜக் காரை ஓட்டுபவன் அவன்தான். தாத்தா பெயரை வைத்துக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் நாட்டிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். என்னைவிடப் பதினொரு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டது நான், அடி போட்டதும் நான்.

மாடலின் மேல் ஒரு தோல் போர்த்தியிருக்கும். உணர்தோல் என்று பெயர் வைத்திருந்தோம். ஆறு வருட உழைப்பு அது. வெளியே ரப்பர் மாதிரி வழவழப்பு, உள்ளே நகரக்கூடிய ஆயிரக்கணக்கான ஊசிகள். ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் ராசாத்தியக்காவுக்கு அது என்னவென்று ஒரு நாள் விளக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் முதல் நாள் பார்த்த மூக்கு மறுநாள் வேறு மாதிரி இருக்கிறதே என்று அவர் பயந்துபோயிருந்தார்.

"அது தானா மாறிக்குங்களா அம்மிணி?"

"ஆமாங்க்கா. காத்து எங்க உறுத்துதுன்னு அதுக்குத் தெரியும். உறுத்தற எடத்துல தம்மாத்தூண்டு உள்ள போய்ப் பாக்கும். நல்லாருந்தா அப்படியே இருந்துக்கும். இல்லீன்னா பழையபடி வந்துக்கும். நிமிசத்துக்கு ஒருக்கா இப்படி."

"நாம படுக்கையில பொரண்டு பொரண்டு படுக்கற மாதிரி."

"அதேதான்."

"ஏன் இப்படிப் படுத்தேன்னு கேட்டா சொல்லுங்களா?"

"அது சொல்லாதுங்க்கா. நெம்பர மட்டுந்தான் காட்டும்."

ராசாத்தியக்கா அதை நம்பாத முகத்தோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். எட்டாம் வகுப்பு படித்தவர் கேட்ட கேள்வியை எங்களில் பட்டம் வாங்கிய யாரும் கேட்கவில்லை. நான் ஒரு தடவை முதலாளியிடம் லேசாக இழுத்தேன். அவர் பம்பு செட் செய்து பெரிய ஆளானவர். "ஏன்னு எதுக்கு வசந்தா? தண்ணி மேல வந்தாச் சரி. நெம்பர் இருக்குதல்ல?" என்று முடித்துவிட்டார். அந்தத் தோலை ஒரு பஸ் கம்பெனிக்கும் கொடுப்பதாக அப்போதே பேசிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு டிரைவர் இல்லாமல் ஓடப் போகும் அதிவேக பஸ் அது, நாற்பது பேர் உட்காரலாம்.

ஆயுத பூஜை வந்தது.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் ஆயுத பூஜையன்று ஒரு ஸ்குரூ டிரைவருக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கம்ப்யூட்டருக்கு, விசிறிக்கு, தராசுக்கு, தீயணைப்பு சிலிண்டருக்கு, கடைசியில் மாடலின் மூக்கு நுனிக்குக் கீழே ஒன்று. சந்தனம், அதன் நடுவில் குங்குமம். முந்தைய வருடம் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்து சுரங்கம் முழுக்கப் பறந்து, அதைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அதனால் இந்த முறை சந்தனத்தைக் குழைக்கும்போது கொஞ்சம் கோந்து கலந்துகொண்டேன். அதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்தேன்.

அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு, எதையும் தொடக்கூடாது. எங்கள் ஊரில் மில்லும் ஒர்க் ஷாப்பும் அன்று மூச்சுக் காட்டாது. ஆனால் தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை, ரேஸ் சீசனோ நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி பொரியும் கடலையும் மென்றுகொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டனல ஓட உட்டுட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

"இன்னைக்குத் தொடக்கூடாதுங்க."

"கம்ப்யூட்டர்தான ஓட்டப் போகுது? மனுசன் எவனும் தொடலையல்ல. பாவம் வராது."

பொத்தானை அழுத்தியது நான்தான். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து எண்ணைப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இழுவை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அழுத்தம் துளிகூடக் குறையவில்லை. இருநூற்று ஐம்பது வரை எந்த வேகத்தில் ஓட்டினாலும் எண் அசையவில்லை. மூக்கின் அடிப்பக்கம் முன்பு நாங்கள் யாரும் வரையத் துணியாத அளவுக்குச் செங்குத்தாக மேலே வளைந்திருந்தது. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

மூக்கில் பொட்டு இருந்ததை யாரும் பார்க்கவில்லையா என்றால், எல்லோரும் பார்த்தோம். நம் ஊரில் பொட்டு இல்லாத இயந்திரத்தைப் பார்த்தால்தான் கண் உறுத்தும். பொட்டு இருந்தால் அது இயந்திரத்தின் ஒரு பாகம். சாமிக்கு வைத்ததைத் துடைக்க ராசாத்தியக்காவுக்கும் மனம் வராது. கோந்தின் தயவில் அது மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் கல்லாய் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது.

அடுத்த வேலை, மாடலை ஒளியால் அளந்து வடிவத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுப்பது. அதை இரண்டு மடங்காக்கி நிஜக் காரின் அச்சைச் செய்வார்கள். அளக்கும் கருவி இடையிடையே நின்று, 'சிறு பிசிறு, நீக்கவா?' என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சலித்துப்போய், ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவாக நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் தூசி, கேட்காமலே நீக்கிவிடு என்று இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். எழுதியது தூசி வசந்தாமணி. கருவி விதிப்படி நடந்தது.

கார்த்திகையில் கார் தயாரானது. எங்கள் ஊர் ரேஸ் திடலில் நேர்ப்பாதை சின்னது, இருநூறைத் தொட முடியாது. அங்கே கார் வெண்ணெயாக ஓடியது. அடுத்து சென்னைக்கு மேற்கே இருக்கும் பெரிய திடலில் ஒரே ஒரு நாள் சோதனை ஓட்டம். நான் ஆய்வகத்திலிருந்தே திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்துக்கு ஒரு கோடு, ஓட்டுபவனின் வலது கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதற்கு ஒரு கோடு. நேர்ப்பாதையில் கால் கோடு மேலே தட்டையாக இருக்க வேண்டும். நாச்சியின் கோட்டில் இருநூறு வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பள்ளம் விழுந்தது. காலை எடுத்திருக்கிறான்.

மறுநாள் அவன் ஆய்வகத்துக்கு வந்தான். முதலாளியும் இருந்தார். நான் திரையில் அந்தப் பள்ளங்களை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"என்னடா இது? நல்லா நேர்ரோட்டுல கால எடுத்திருக்கறே?"

அவன் திரையைப் பார்க்காமல் கை உறையைப் பார்த்தான். "தெரியலக்கா. அந்த எடம் வந்தா கால் கூசுது."

"காலு கூசுதா? மாடு மேய்க்கப் போ, கூசாது. நாலு நாளு காத்து தட்டித்தட்டிச் செஞ்ச மூக்குடா இது, இருநூத்தம்பது வரைக்கும் நெம்பர் ஆடல. நீ பயந்தாங்கொள்ளின்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். தம்பியைக் கிண்டல் செய்ய அக்காவுக்கு இல்லாத உரிமையா என்ற நினைப்பு. நாச்சி முகம் சிவந்துபோய் எழுந்தான்.

"ரேஸ் அன்னைக்குப் பாரு. காலத் தூக்குனா என்னைய நாச்சின்னு கூப்புடாத."

ரேஸ் மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், மதியம் மூன்று மணிக்கு. நான் சென்னை போகவில்லை. அவன் ஓட்டுவதை நேரில் பார்க்கும் தெம்பு எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. தவிர, பஸ் கம்பெனிக்காரர்களுக்குக் காட்ட ஒரு வீடியோ வேண்டும், மாடலின் மேல் புகை விட்டுக் காற்று எப்படி வழுக்கிப் போகிறதென்று படம் எடுத்து வை என்று முதலாளி சொல்லியிருந்தார். படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று ராசாத்தியக்காவிடம் மாடலைத் துடைத்து வைக்கச் சொன்னேன். துடைத்து முடித்துவிட்டார். இரண்டு மணிக்கு விசிறியைப் போட்டேன்.

நூற்று ஐம்பதில் புகை அழகாக மூக்கின் அடியில் வழுக்கிக்கொண்டு போனது. நூற்றுத் தொண்ணூறிலும் அப்படியே. இருநூற்று ஐந்தில் புகைக்கோடு மூக்கின் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு கலைந்தது. தராசைப் பார்த்தேன். முன்பக்க அழுத்தம் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

கருவிக் கோளாறு என்றுதான் முதலில் தோன்றியது. நிறுத்தி, மறுபடி போட்டேன். மறுபடியும் இருநூற்று ஐந்தில் அதே கதை. மூன்றாவது முறையும் அதேதான். கண்ணாடிக் கதவைத் திறந்து மாடலின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஏதோ ஒன்று இல்லாத மாதிரியும் இருந்தது.

"இதுல என்னங்க்கா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே. பளிச்சுனு இருக்கோணும்னு சொன்னீங்க. அந்தப் பொட்டு ஒண்ணுதான் அசிங்கமா கருத்துப் போயிருந்துச்சு. சாமியக் கும்புட்டுட்டு நகத்தால சொரண்டி எடுத்தனுங்க. கோந்து ஊத்தி வெச்சாப்பல அப்படிப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்து ராசாத்தியக்காவும் பயந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் அம்மிணி, துடைக்கக் கூடாதுங்களா?"

"துடைச்சீங்களே, கோயில் கட்டிக் கும்புடலாம் உங்கள. கிரிக்கெட் பந்துல நடுவுல தையல் இருக்குதல்ல? அது கொஞ்சூண்டுதான். அது இல்லீன்னா பந்து காத்துல திரும்பாது. அந்த மாதிரி இந்தப் பொட்டு காத்தக் கொஞ்சம் சுத்தி உட்டுருக்குது. சுத்தற காத்து மூக்குக்கு அடியில ஒட்டிக்கிட்டே போகும். தோலு அந்தக் காத்த நம்பித்தான் இத்தன செங்குத்தா வளைஞ்சிருக்குது. நாலு நாளும் அதுக்குக் கெடச்சது பொட்டு வெச்ச காத்துதான்."

"அப்ப அந்தக் கார்ல?"

"அந்தக் கார்ல பொட்டு இல்லீங்க்கா. தூசின்னு நாந்தான் எடுத்துப்புட்டேன்."

சொல்லும்போதே எனக்கு மற்றதும் விளங்கிவிட்டது. வேகம் கூடக்கூடக் கார் தரையோடு இன்னும் நெருங்கி அழுந்தும், அடியில் சந்து குறுகும். இருநூறைத் தாண்டியதும் பொட்டில்லாத காற்று அந்த வளைவில் ஒட்டாமல் பிய்ந்து போகும். மூக்கு லேசாகும். அந்த இடத்தில்தான் நாச்சியின் கால் கூசியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவன் காலை எடுத்ததால்தான் வேகம் அதற்கு மேல் ஏறவில்லை, கார் ஒழுங்காக இருப்பதாகக் கோடுகள் காட்டின. பயந்தாங்கொள்ளி என்று சிரித்தேன் நான். இன்றைக்குக் காலை எடுக்க மாட்டான்.

மணி இரண்டு நாற்பது. நாச்சியின் போன் அணைந்திருந்தது. முதலாளிக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்காதபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நெஞ்சின் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. அவர் எடுத்தால் நான் என்னவென்று சொல்வது? ஊரையே செருப்பைக் கழற்ற வைத்தவள், சுரங்கத்துக்குள் கோந்து போட்டுப் பொட்டு ஒட்டினேன் என்றா? அப்படி நினைத்தது ஒரு நொடிதான். ஆனால் நினைத்தேன். அதற்குப் பிறகு விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு எடுத்தார். பின்னால் இன்ஜின்களின் இரைச்சல்.

"வசந்தா, இப்பப் போயி என்ன? வண்டி வரிசைக்குப் போயிருச்சு."

"நாச்சிய எறக்குங்க. வண்டி இருநூத்துக்கு மேல போனா மூக்கத் தூக்கும்."

"என்ன பேச்சு பேசறே? வரிசையில நிக்கற வண்டிய எறக்கறதுன்னா வெளையாட்டா? ஏன்? காரணம் சொல்லு."

ஏன் என்று அவர் கேட்டது அன்றுதான் முதல் முறை. அந்தக் காரணம் நானாகத்தான் இருந்தேன். ஆயுத பூஜை, கோந்து, தூசி விதி, நகத்தால் சுரண்டியது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"பொட்டாலயா?" என்றார்.

"பொட்டாலங்க. இப்பவே மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்."

"டனல ஓட உடச் சொன்னது நாந்தான" என்று தனக்குள் சொன்னார். பிறகு, "இரு, ரேடியோவுல போன வெக்கறேன். நீயே சொல்லு" என்றார்.

கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் தம்பியின் மூச்சு, தலைக்கவசத்துக்குள் கேட்கிற மூச்சு.

"நாச்சி, அக்கா பேசறன்டா. வண்டிய உட்டு எறங்கீரு."

"ஏனக்கா?"

"எம் மேலதான் தப்பு. இருநூத்துல மூக்குல காத்து புடிக்கல. நூத்தித் தொண்ணூறு வரைக்கும் ஒண்ணும் இல்ல, அதுக்கு மேல அது தூக்குது."

மூச்சு நின்ற மாதிரி இருந்தது. ரேடியோ அறுந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்தினேன்.

"அப்ப நெசமாத்தான் தூக்குச்சா?"

"நெசமாத்தான்."

"அக்கா, எனக்குத்தான் பயம் வந்திருச்சுன்னு நெனச்சேன். ஒரு மாசமா நான் தூங்கல. இந்த ரேஸோட உட்டுட்டு எங்கியாச்சு வேலைக்குப் போயிரலாம்னு இருந்தேன். உங்கிட்டச் சொல்ல மனசு வல்ல. நீ செஞ்ச வண்டியப் போயிக் குத்தம் சொல்றதான்னு."

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று ரேடியோவில் தெரியவில்லை. நான் அழுதேன். அதை ராசாத்தியக்கா பார்த்தார்.

"எறங்கு சாமி. போதும்."

"நூத்தித் தொண்ணூறுக்குள்ள போனா நல்லாத்தான இருக்கும்?"

"இருக்கும். மூணு தடவயும் நல்லா நின்னுச்சு. ஆனா வேண்டாம்."

"கால எடுக்கறதுதான அக்கா? அது எனக்கு நல்லாப் பழக்கம்" என்றான். இப்போது சிரிக்கிறான் என்று தெரிந்தது.

ரேஸ் தொடங்கும் அடையாளமாக மேலே சிவப்பு விளக்குகள் அணைந்ததை முதலாளியின் போன் வழியாகக் கேட்டேன், அதாவது பதினெட்டுக் கார்களும் ஒன்றாக இரைந்ததைக் கேட்டேன். திரையின் முன்னால் போய் நின்றேன். முதல் சுற்று, நேர்ப்பாதை. வேகக் கோடு நூற்று எழுபது, எண்பது, எண்பத்தைந்து என்று ஏறியது. கால் கோடு மேலே தட்டையாக நின்றது. எடுடா, எடுடா என்று முணுமுணுத்தேன். நூற்று எண்பத்தெட்டில் கோடு இறங்கியது. இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். போகட்டும்.

இருபது சுற்று, இருபது பள்ளம். அதைவிட அழகான கோட்டை நான் பார்த்ததில்லை. வளைவுகளில் அவன் பிடித்தவர்களையெல்லாம் நேர்ப்பாதையில் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனான். பதினோராவது ஆளாக வந்து சேர்ந்தான். கார் நின்று, வேகக் கோடு பூஜ்யத்தைத் தொட்டபோதுதான் எனக்குப் பசி எடுத்தது. மதியம் எதுவும் சாப்பிடவில்லை. ராசாத்தியக்கா தன் டப்பாவைத் திறந்து தக்காளிச் சோற்றைப் பாதி எனக்குக் கொடுத்தார். ஆய்வகத்துக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே நாலு பருக்கை சிந்தியது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளியின் அறைக்கு ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். நாச்சியும் அங்கே இருந்தான். அவர் கடிதத்தைப் படிக்காமலே மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகினார்.

"இது இருக்கட்டும். பஸ் கம்பெனிக்காரன் பத்து மணிக்கு வர்றான். தோலக் கொடுக்கலாமா, வேண்டாமா? நீ சொல்லு."

"வேண்டாமுங்க."

"பொட்ட எடுத்துட்டு மறுபடி ஓட்டிக் குடுத்துரலாமல்ல?"

"பொட்டு நமக்குத் தெரிஞ்சுது. தெரியாதது இன்னும் என்னென்ன இருக்குதோ? இவனுக்காச்சும் காலு கூசுச்சு, எடுத்தான். அந்த பஸ்ஸ ஓட்டப் போறது கம்ப்யூட்டர். அதுக்குக் கூசாது. உள்ள நாப்பது பேரு தூங்கிக்கிட்டு வருவாங்க."

முதலாளி நெடுநேரம் நாச்சியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பஸ்ஸின் காசைக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். அது என் அற்ப புத்தி. "என் மக ஊடு சென்னையிலதான். மாசம் ஒருக்கா அந்த ரூட்லதான் வர்றா" என்றார். பத்து மணிக்கு வந்தவர்களிடம் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கே நான் என் தூசி விதியை அழித்தேன், இனி வடிவமோ கோடோ எந்தப் பிசிறையும் கம்ப்யூட்டர் என்னைக் கேட்டுத்தான் நீக்க வேண்டும்.

அந்த ஒரு வருடமும் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். தோல் எந்த வளைவைக் காட்டினாலும், அது ஏன் என்று நாங்கள் கண்டுபிடிக்கும்வரை அடுத்த வளைவுக்கு விடவில்லை. வேலை ஆமை வேகத்தில் நடந்தது. மற்ற அணிகள் கேலி செய்தன. பொட்டையும் விடவில்லை. மெழுகில் முப்பது பொட்டு செய்து, உயரத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். என் விரல் குருட்டாம்போக்கில் வைத்த இடத்திலிருந்து ஒரு அங்குலம் பின்னால் வைத்தால் இன்னும் நன்றாக நின்றது. நிஜக் காருக்கு அதை இரண்டு மடங்காக்கி, மூக்கோடு சேர்த்தே வார்த்தோம். போட்டிக் குழுவுக்கு அனுப்பும் படிவத்தில் உறுப்பின் பெயர் என்ற இடத்தில் நாச்சி 'பொட்டு' என்று எழுதிவிட்டான். காரணம் என்ற இடத்தில் நான் நான்கு பக்கம் எழுதினேன். கோந்தையும் விடாமல் எழுதினேன். அனுமதித்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன், மாடலுக்கும்தான். விசிறியின் மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைப் பூட்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்தேன். நான்கு நாளும் அவரும் அதைத் தொடவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக ராசாத்தியக்கா சாமியைக் கும்பிட்டுவிட்டு மாடலின் பொட்டைச் சுரண்டினார்.

புதுக் கார் சென்னைத் திடலில் முதல் முறை ஓடிய அன்று நான் மறுபடி திரையின் முன்னால் இருந்தேன். முதலாளி என் பின்னால் நின்றார். நேர்ப்பாதையில் வேகக் கோடு இருநூறைத் தாண்டி, இருநூற்றுப் பத்தைத் தாண்டி, இருநூற்று முப்பத்தொன்றில் போய் நின்றது. மூக்கு அசையவில்லை. பத்துச் சுற்றும் அப்படியே. முதலாளி என் தோளில் தட்டினார், மைசூர்பாகு வாங்க ஆள் அனுப்பப் போனார்.

நான் மட்டும் கால் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருநூறு வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னக் கீறல். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. மிதித்த கால் ஒரு மயிரிழை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மிதித்திருக்கிறது. வேகத்தை அது ஒன்றும் குறைக்கவில்லை. வேறு யார் கண்ணிலும் படாது.

கம்ப்யூட்டரின் கண்ணில் பட்டது. 'சிறு பிசிறு, நீக்கவா?' என்று கேட்டது.

வேண்டாம் என்று அழுத்தினேன்.